மாத்திரையா, ஊசியா என்று எங்களைக் கேட்காதீர்கள்

மூட்டுவலிக்கு மருந்து எழுதித் தரும் டாக்டர்களுக்கும், அதே மூட்டுக்கு மருந்தில்லாத மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் சிகிச்சையாளர்களுக்கும்,

வணக்கம். அழற்சியால் வரும் வலிக்காக உங்கள் இரு தரப்பிடமும் வந்துபோகிற நோயாளிகளில் நானும் ஒருத்தி. டாக்டரிடம் அக்குபங்சர் என்று சொன்னால் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது. அக்குபங்சர் அறையில் மாத்திரை என்று சொன்னால், "முதலில் அந்த விஷத்தை நிறுத்துங்கள்" என்று அறிவுரை வருகிறது. அதனால் எங்களில் பலர் அங்கே பாதியும் இங்கே பாதியும் மறைத்துவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம், ஆனால் திருட்டுத்தனமாக. அதை நீங்கள் இருவரும் அறிந்த ஒரே சிகிச்சையாக நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் டாக்டர்களுக்கு. 2004-இல் ஸ்பெயினில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 97 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான அக்குபங்சர், மற்றதற்குத் தோலுக்குள் இறங்காத போலி ஊசி. உண்மை ஊசி பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது, டைக்ளோஃபினாக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. 2012-இல் கிரேக்கத்தில் எட்டோரிகாக்சிப் என்ற இன்னொரு வலி மாத்திரையோடு சேர்த்துப் பார்த்தபோதும், மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட மாத்திரையும் ஊசியும் பெற்றவர்கள் தேறியிருந்தார்கள். இவை சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் வலி மாத்திரை குறைவது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு அபாயம் என்று அந்த மாத்திரைகளைப் பற்றி எச்சரிப்பதே நீங்கள்தானே?

உள்ளே என்ன நடக்கிறது என்பதும் முழு மர்மமில்லை. 2010-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், பாதத்தில் அழற்சி உண்டாக்கிய எலிகளின் முழங்காலுக்குக் கீழே ஊசியைக் குத்தித் திருகினார்கள். அந்த இடத்தில் அடினோசின் என்ற பொருள் பல மடங்கு பெருகி, அருகிலுள்ள நரம்பில் அதை வாங்கிக்கொள்ளும் இடமான ஏ1 ஏற்பியில் ஒட்டி வலியைத் தணித்தது. அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு ஊசி பலன் தரவில்லை. அடினோசின் சீக்கிரம் சிதைந்துவிடாமல் தடுக்கும் ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, வலி நிவாரணம் வெகுநேரம் நீடித்தது. அது ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து, மூட்டுவலிக்கு யாரும் எழுதித் தரப்போவதில்லை. ஆனால் ஊசி தொடங்கிவைத்த வேலையை ஒரு மருந்து நீட்டிக்க முடியும் என்பது அங்கே தெரிந்துவிட்டது. காபியில் உள்ள காஃபின் இதே ஏற்பியை அடைக்கக்கூடியது. ஆனாலும் "காபி குடித்துவிட்டு வந்தீர்களா?" என்று என்னிடம் எந்தச் சிகிச்சையாளரும் கேட்டதில்லை.

அடுத்து உங்களுக்கு, சிகிச்சையாளர்களே. டாக்டர்களின் சந்தேகம் முழுக்க வீம்பு இல்லை. உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் உள்ள இடைவெளி, 2018-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் சிறியதாகத்தான் இருந்தது. மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சர் தர வேண்டாம் என்றே பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் பக்கம் நிற்கிற அறிவியலும், எங்கே குத்தினாலும் சரி என்று சொல்லவில்லை. ஹார்வர்டில் நரம்பியல் ஆய்வாளர் சியூஃபூ மாவின் குழு எலிகளிடம் மின்னூசி, அதாவது மின்சாரம் செலுத்தும் அக்குபங்சர் ஊசி, வைத்துச் செய்த ஆய்வில், பின்னங்காலில் மெல்லிய மின்சாரம் அழற்சியைக் குறைத்தது. வயிற்றில் கொடுத்த வலுவான மின்சாரமோ, அழற்சிக்கு முன்பே கொடுத்தால் காத்தது, அழற்சி ஏறிய பிறகு கொடுத்தால் நிலைமையை மோசமாக்கியது.

இதைவிட முக்கியமானது முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். ஊசி வலியைத் தணிக்கலாம், ஆனால் மூட்டு அரிக்கப்படுவதை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்த வேலையைச் செய்வது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள். வலி குறைந்துவிட்டது என்று அவற்றை நிறுத்தச் சொன்னால், வலியில்லாமலே மூட்டு அரித்துக்கொண்டிருக்கும். அரித்துப்போனது திரும்பி வராது. ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்வது இன்னும் மோசம். பல நாள் எடுத்தவர் திடீரென்று விட்டால், அட்ரீனல் சுரப்பி கைவிட்டு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். "மருந்தில்லா மருத்துவம்" என்று பலகை மாட்டுவது உங்கள் உரிமை. வேறொருவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்வது உங்கள் வேலையில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரே ஒரு தாள் போதும். நாங்கள் என்னென்ன மாத்திரை எடுக்கிறோம் என்று டாக்டர் அதில் எழுதட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறோமா, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கிறோமா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பதையும் சேர்த்து. பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்னூசி கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் கிருமி நீக்கிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி இல்லாமல் கையே வைக்கக் கூடாது. அப்புறம் சிகிச்சையாளர் எங்கே குத்தினார், மின்சாரம் கொடுத்தாரா, வலி எவ்வளவு, அந்த வாரம் எத்தனை வலி மாத்திரை போட்டோம் என்பதும் அதே தாளில் வரட்டும். மாத்திரையைக் குறைக்கும் முடிவு டாக்டருடையது, அதுவும் படிப்படியாக. சில வாரம் பார்த்தும் வலியோ மாத்திரையோ குறையவில்லை என்றால், "இது உங்களுக்குப் பலன் தரவில்லை" என்று சிகிச்சையாளரே சொல்லிவிட வேண்டும். அடுத்த பத்து அமர்வுகளுக்கு முன்பணம் கேட்கக் கூடாது.

தாளை இங்கிருந்து அங்கே தூக்கிக்கொண்டு வருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வாங்கிப் படிக்க மட்டும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு நோயாளி