துக்க வீட்டில் முதலில் கஞ்சி, பிறகு வசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் நம் நீலகிரி. மழை பிடித்தால் அந்தப் பயம். மழை விட்டால் பசுந்தேயிலை விலை பற்றிய கவலை. நோயாளியை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கி ஏறுகிற குடும்பங்கள் வேறு. இந்த வீடுகளுக்குச் சபையார் ஜெபிக்கப் போவது நல்ல வழக்கம்தான். போகிற விதத்தில்தான் கோளாறு.

வாசற்படி ஏறியதுமே வேதாகமத்தில் ரோமர் 8:28-ஐ எடுத்து, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிடுகிறோம். வசனத்தில் குறையில்லை, வேளைதான் தப்பு. வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களே. பேசத் தொடங்கி, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று துருவியதற்குத்தான் கடைசி அதிகாரத்தில் கர்த்தரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சாவு வந்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் ஓரேப் மலையில் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து. ஆகவே முதல் சந்திப்புக்கு பிளாஸ்கில் கஞ்சி போதும். இரண்டு பேர் போங்கள். தோட்டத் தொழிலாளர்களின் பத்தடி லைன் வீட்டில் பதினைந்து பேர் நுழைந்தால் வீட்டுக்காரி டீ போடத்தான் ஓடுவாள்.

அடுத்த முறை சங்கீதம் 13. ஆறே வசனம், முதல் இரண்டில் மட்டும் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வரும். ஒரு வசனம் வாசித்து நிறுத்துங்கள். அவர்கள் தங்கள் ‘எதுவரைக்கும்’-ஐ வாய்விட்டுச் சொல்லட்டும், திருத்தாதீர்கள். நம்பிக்கை சொல்லும் ஐந்தாம் வசனத்துக்கு மனசு வரவில்லையா, நான்கோடு மூடிவிடுங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். முறையிடுகிறவன் தேவனை விட்டுவிடவில்லை, பிடித்து உலுக்குகிறான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடியும். அதை மட்டும் தனியாக இருப்பவர் கையில் ராத்திரி நேரத்தில் கொடுக்க வேண்டாம்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுத்த பிறகும் பிளவைக்கு அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. விசுவாசத்தில் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். இன்சுலின் போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். ஒருவர் ‘இருந்து என்ன பயன்’ என்று பேச ஆரம்பித்தால் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் பேசலாம்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் போடும் ஜெப விண்ணப்பம். நோயின் பெயர், கடன் தொகை, ஓடிப்போன பிள்ளை எல்லாம் அதில் ஊருக்கே போய்ச் சேருகிறது. ‘ஒரு குடும்பத்துக்காக’ என்றாலே தேவனுக்கு விலாசம் தெரியும்.

அடக்கம் முடிந்த வாரம் வீடு நிறைய ஆள். மூன்றாம் மாதம் எட்டிப்பார்க்க நாதியில்லை. வட்டிக்காரன் வருவதும் அப்போதுதான். ஆலய அலுவலகக் காலண்டரில் அந்த மூன்றாம் மாதத் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் வீடு திரும்ப மாலை ஐந்தாகும். கடைசி பஸ்ஸுக்கு ஓடாதபடி அந்த லைனிலேயே குடியிருக்கும் ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீடு சந்திப்புக்குப் போகும் சபை மூப்பர்கள் சிலர்,
கோத்தகிரி.