கியர் லீவரில் ஆட்டம் எந்த இடத்தில் என்று முதலில் பார்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். கியர் குமிழ் நியூட்ரலில் இந்தப் பக்கம் மூணு விரல், அந்தப் பக்கம் மூணு விரல் ஆடுகிறது. இதைப் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களாம். இப்போதைக்கு வேண்டாம் கண்ணு. ஓடும்போது சத்தம் இல்லை, எந்தக் கியரும் தானாக வெளியே வரவில்லை, ரெண்டாவது மட்டும் சில நேரம் தேடித் தேடி விழுகிறது என்கிறாய். இது புஷ், அதாவது மூட்டில் உட்காரும் சின்ன வளையம், தேய்ந்த வண்டி செய்கிற வேலை.

உன் ஆல்ட்டோவில் லீவர் கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கவில்லை. கியர்பாக்ஸ் முன்னால் பானட்டுக்குள் இருக்கிறது, லீவர் ரெண்டு சீட்டுக்கு நடுவில். இடையில் தரைக்கு அடியில் ரெண்டு ராடு ஓடுகிறது. ஒன்று கியர் மாற்றுகிற ராடு. லீவரை முன்னே பின்னே தள்ளினால் அதுவும் போய் வரும், பக்கவாட்டில் தள்ளினால் தன்மேலேயே திரும்பும். இன்னொன்று எக்ஸ்டென்ஷன் ராடு. அது கியர் மாற்றாது. இன்ஜின் குலுங்கும்போது லீவர் உட்கார்ந்திருக்கும் கூடும் சேர்ந்து நகரட்டும் என்று கியர்பாக்ஸோடு பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். இந்த ராடுகளின் மூட்டுகளில்தான் நைலான் புஷ்ஷும் ரப்பர் புஷ்ஷும் இருக்கின்றன. பக்கத்திலேயே சைலன்சர் பைப்பின் சூடு, கீழே மழைத் தண்ணீரும் சேறும். அடியில் மூடியிருக்கும் ரப்பர் உறை, பூட் என்பார்கள், அது கிழிந்துவிட்டால் கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும், நைலான் காய்ந்து சுருங்கி உடையும். அதோடு பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் நீ ஒரு நாளைக்குப் போடும் முதல் கியர், ரெண்டாவது கியர் கணக்கையும் சேர்த்துக்கொள். நெடுஞ்சாலை வண்டியில் பல வருஷம் தாங்குகிற புஷ் இந்த ஊரில் அவ்வளவு தாங்காது.

ஒன்றைத் தெரிந்துகொள். நியூட்ரலில் லீவர் பக்கவாட்டில் நகருவதே கோளாறு இல்லை, நல்ல வண்டியிலும் நகரும். ஆனால் அங்கே ஒரு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், கையை விட்டால் லீவர் மூணுக்கும் நாலுக்கும் நடுவில் வந்து நிற்கும். எதிர்ப்பே இல்லாமல் செத்துப்போன மாதிரி ஆடுவதுதான் ஆட்டம். மூணாவது கியரைப் போட்டுவிட்டு ஆட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க ரெண்டு பேர் வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சைலன்சர் ஆற ஒரு மணி நேரம் விடு. வண்டியை ஏற்றி நிறுத்தும் ராம்ப் இருக்கிற இடமாகப் பார்த்துப் போவது நல்லது. ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும், ஒரு நிமிஷம்கூட, நுழையக்கூடாது. ஸ்டாண்டு வைத்திருக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கச் சொல். ராடைக் கழற்றிய பிறகு கியரில் போட்டு நிறுத்த முடியாது, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பவும் முடியாது.

நீ மேலே உட்கார்ந்து லீவரை மெதுவாக ஆட்டு. கீழே இருப்பவர் லீவரின் அடிக்காலும் ராடும் சேரும் போல்ட்டைப் பார்க்கட்டும். அடிக்கால் அசைந்து, ராடு சும்மா நின்றால் அந்த புஷ்தான் போயிருக்கிறது. பெரும்பாலும் இதுதான். ராடு அசைந்து, கியர்பாக்ஸில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் அசையவில்லை என்றால் முன்பக்க மூட்டு. குமிழைப் பிடித்து நேர் மேலே இழுத்துப் பார். தூக்கிக்கொண்டு வந்தால் லீவரின் உருண்டை உட்காரும் நைலான் கிண்ணம் தேய்ந்துவிட்டது. கிளட்ச் விடும்போது லீவர் முழுவதும் முன்னால் குதித்தால் எக்ஸ்டென்ஷன் ராடின் ரப்பர் புஷ், இல்லையென்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங். இந்த நாலிலும் கியர்பாக்ஸைத் தொட வேண்டிய வேலை இல்லை.

சாமானுக்கு ஜே.சி. ரோடு போ. ஞாயிற்றுக்கிழமை போகாதே, பெரும்பாலான கடை மூடியிருக்கும். "கியர் லீவர் புஷ் கிட்" என்று கேள், கடைக்காரர்களில் பல பேர் தமிழே பேசுவார்கள். ஆர்.சி.யின் போட்டோவைக் காட்டு, வருஷத்தையும் மாடலையும் பார்த்துக் கொடுக்கட்டும். எம்.ஜி.பி. (மாருதியின் அசல் உதிரிபாகம்) முத்திரை போட்ட பாக்கெட் கிடைத்தால் அதையே வாங்கு. சில நூறு ரூபாய் சமாச்சாரம், இதில் மிச்சம் பிடிக்காதே. கிட்டோடு புது நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருக்கும், தானாகத் தளராது) ஒன்று, கீழ் பூட் ஒன்று, ஒரு சின்ன டப்பா சிலிகான் கிரீஸ்.

கழற்றும் வேலை பெரிதில்லை. போல்ட்டில் சேறு இறுகியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டபிள்யூ.டி. 40 அடித்து கால் மணி நேரம் விட்டால் 12ஆம் நம்பர் ஸ்பேனர் ரெண்டில் கழன்றுவிடும். ஒன்று போல்ட் தலைக்கு, ஒன்று நட்டுக்கு. வெளியே வந்ததும் அந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார். புஷ் உட்கார்ந்த இடத்தில் நகத்தை வைத்து இழு. நகம் பள்ளத்தில் மாட்டினால் போல்ட்டும் மாற்ற வேண்டும். ராடின் ஓட்டையையும் பார்க்கச் சொல். வட்டமாக இருந்தால் சரி. முட்டை மாதிரி நீண்டு போயிருந்தால் புது புஷ் போட்டாலும் ரெண்டு மாசத்தில் பழைய கதைதான், அப்போது ராடையே மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது முக்கியமான இடம். ரெண்டு நைலான் புஷ்ஷுக்கும் உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழாய் வரும், ஸ்லீவ் என்பார்கள். அது புஷ்களைவிட மயிரிழை நீளமாக இருக்கும். நட்டை முறுக்கும்போது அழுத்தம் எல்லாம் அந்தக் குழாய் மேல் விழ வேண்டும், நைலான் மேல் விழக்கூடாது. பழைய ஸ்லீவ் துரு பிடித்து போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் புஷ்ஷை மாட்டி, இறுக்கி, "பாருங்க மேடம், ஆட்டமே இல்லை" என்பவர்கள் உண்டு. அன்றைக்கு ஆட்டம் இருக்காதுதான். லீவர் மரம் மாதிரி இறுகியிருக்கும், நைலான் நசுங்கி சீக்கிரமே பொடியாகிவிடும். அதனால் ஸ்லீவ் உள்ளே போவதை உன் கண்ணால் பார். ஸ்லீவின் வெளிப்பக்கம் மெல்லிசாக கிரீஸ் தடவி நுழைக்கட்டும். 8 எம்.எம். போல்ட்டுக்கு சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்பேனரில் பைப் சொருகி முறுக்க விடாதே. இறுக்கிய பிறகும் லீவர் ஒரு விரலுக்கு வழவழவென்று நகர வேண்டும்.

சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவது, ரெண்டு வாஷர் கூடப் போடுவது, கம்பி கட்டுவது எல்லாம் நடுரோட்டில் போல்ட் விழுந்தால் வீடு வந்து சேர மட்டும். அப்படி எங்காவது லீவர் கையோடு வந்துவிட்டால் பதறாதே. கிளட்ச்சை மிதி, ஹஸார்டு லைட் போடு, ஓரம் கட்டு. இன்ஜின் ஓடும்போது யாரும் அடியில் கை விட வேண்டாம்.

மாட்டி முடித்ததும் இன்ஜின் ஓடாமலே ஒன்றிலிருந்து அஞ்சு வரை, அப்புறம் ரிவர்ஸ், எல்லாம் போட்டுப் பார். லீவர் கன்சோல் பிளாஸ்டிக்கில் இடிக்கக்கூடாது. ரெண்டிலும் நாலிலும் இடித்தால் லீவருக்கு அடியில் உள்ள கைடு பிளேட் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, நியூட்ரலில் லீவர் செங்குத்தாக நடுவில் நிற்கும்படி பிளேட்டை நகர்த்தி இறுக்க வேண்டும். வண்டி ராம்ப்பில் இருக்கும்போதே கியர் ஆயிலையும் பார்க்கச் சொல், நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும்.

இன்ஜின் நின்றிருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் எல்லாக் கியரும் முரண்டு பிடித்தால் கிளட்ச் கேபிளைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால், அல்லது ஓடும்போது தானாக வெளியே குதித்தால், அப்போது மட்டும் கியர்பாக்ஸ் பேச்சு. அதுவும் புஷ் மாற்றிப் பார்த்த பிறகு. ராடில் ஆட்டம் இருந்தால் கியர் முழுசாக உள்ளே போகாமலே வெளியே வந்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது லீவர் மேல் கையை ஊன்றி வைக்கும் பழக்கம் வீடியோவிலேயே தெரிகிறது. அந்தக் கை ஸ்டியரிங்குக்குப் போகட்டும்.

பழைய புஷ்ஷை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடாதே, வாங்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, சுற்றிலும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் மவுண்டிங்கையும் கையோடு பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா