இரண்டாம் வயலின், கடைசி வரிசை

ஹரோ, லண்டன்,
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உனக்கு எந்தக் கிழமை நைட் ஷிப்ட், எந்தக் கிழமை பகல் ஷிப்ட் என்று எனக்குப் பிடிபடுவதே இல்லை. அதனால்தான் போன் எடுக்காமல் எழுதுகிறேன். போனில் என்றால் "அம்மா, இப்ப நேரமில்லை" என்று விஷயத்தை அங்கேயே முடித்துவிடுவாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல ஏலாது.

விஷயம் உன்னுடைய வயலின். அது எனக்கு இனித் தேவையில்லை. எங்கள் ஓர்கெஸ்ட்ராவை விட்டு வேறு ஊருக்குப் போன ஒருவரிடம் நல்ல பழைய வயலின் ஒன்று வாங்கிவிட்டேன். உன்னுடையதற்குப் புதுக் கம்பி போட்டு, வில்லுக்கும் மயிர் மாற்றுவித்து வைத்திருக்கிறேன். நீ அதை எடின்பரோவுக்குக் கொண்டுபோய் வாசிக்க வேண்டும். வீட்டில் தனியே இல்லை, ஒரு ஓர்கெஸ்ட்ராவில் சேர்ந்து.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். வயலின் பரீட்சையின் கடைசிப் படியான கிரேட் எட்டு முடிந்த கையோடு சொன்னதுதானே: "வாசித்தால் ஒழுங்காக வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கவே கூடாது." மெடிசினுக்குப் படிக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் அது சரி. பரீட்சை எல்லாம் முடிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒழுங்காக வாசிக்காதவர்கள் அறுபது பேர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேள்.

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமையில்தான் எங்கள் சீசனும் தொடங்கும். ஒத்திகை பள்ளிக்கூட மண்டபத்தில்தான், ஆகவே பள்ளித் தவணைதான் எங்களுக்கும் தவணை. கிழமைக்கு ஒரு இரவு, ஏழரை முதல் ஒன்பதரை வரை, நடுவில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். நவம்பர் கடைசியில் ஒரு கச்சேரி, மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று. இடையில் டிசெம்பரில் கரோல் பாடுகிறவர்களுக்கு வாசிக்கிற ஒரு மாலை. ஆள் சேர்ப்பதில்தான் வேடிக்கை. புல்லாங்குழல்காரர் காத்திருப்போர் பட்டியலில் நிற்பார்கள், ஏனென்றால் இரண்டு பேருக்குத்தான் இடம். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும், கட்டைக்குரல் ஊதுகுழலான பசூனும் தேடித் தேடியும் கிடைக்காது. கச்சேரிக்கு முதல் கிழமை செயலாளர் ஊரெல்லாம் போன் போட்டு, காசு கொடுத்தாவது ஒரு பசூனைப் பிடித்துக்கொண்டு வருவார். வயலினுக்கு எப்போதும் இடம் உண்டு. பெரும்பாலும் சோதனைகூட வைக்கமாட்டார்கள், "வந்து இரண்டு மூன்று ஒத்திகை இருந்து பாருங்கள்" என்பார்கள்.

நான் இருப்பது இரண்டாம் வயலின், கடைசி வரிசை, உள்பக்கக் கதிரை. உள்பக்கத்தில் இருப்பவர்தான் தாள் புரட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். என்னோடு ஒரே ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கிறவர் எண்பது வயதுக்குக் கிட்டிய ஓய்வுபெற்ற சர்வேயர். மேல் சுரங்கள் வரும்போது வில்லை அந்தரத்தில் ஆட்டிவிட்டு, இறங்கி வரும்போது மறுபடி சேர்ந்துகொள்வார். "எல்லாச் சுரத்தையும் நானே வாசித்தால் மற்றவர்கள் எதற்கு?" என்று என்னிடமே கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் ரீச்சர் வீட்டுத் திண்ணையில் சப்பாணி கட்டி இருந்து, வயலின் தலையைக் கணுக்காலில் வைத்துப் படித்த கை இது. சா பா சா பா என்று சுருதி சேர்த்த காது. இங்கே ஓபோ என்ற குழல் கொடுக்கிற ஒரு சுரத்துக்கு எல்லோரும் சேர்க்க வேண்டும், நாலு கம்பியும் பஞ்சம இடைவெளியில் நிற்க வேண்டும். மேல் இரண்டு கம்பியிலும் விரல் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும். கமகத்தை அடக்குவது அதைவிடப் பெரிய பாடு. சுரத்தில் நின்றால் ஆடாமல் நிற்க வேண்டும், நான் என்னை அறியாமல் ஒரு அசைவு போட்டுவிட்டால் முன் வரிசைப் பெண் திரும்பிப் பார்ப்பாள். ஐந்து கோட்டில் சுரம் எழுதுகிற ஸ்டாஃப் நோட்டேஷன் மட்டும் கஷ்டமாக இல்லை. உன் பக்கத்தில் இருந்து உன் கிரேட் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் எனக்கும் படிப்புத்தான்.

அதற்காக நான் அந்நிய வாத்தியத்தோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நினைக்காதே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி இருநூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரரிடம் படித்து எங்கள் பக்கம் கொண்டுவந்த வாத்தியம்தானே. 2023 மே மாதம் மன்னருக்கு முடி சூட்டினபோது எங்கள் கச்சேரியில் முதலில் தேசிய கீதம் வாசித்தோம். எனக்கு அது சின்ன வயதில் ரீச்சர் சொல்லித்தந்த "சந்ததம் பாஹிமாம்". தீட்சிதர் அந்த மெட்டுக்குத்தான் சமஸ்கிருத சாகித்யம் போட்டார். தாள் பார்க்காமல் வாசித்தேன். சர்வேயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், அரச பக்தி என்று நினைத்திருப்பார்.

இந்த நவம்பரில் என்ன வாசிக்கிறோம் தெரியுமா? பேதோவனின் எக்மொன்ட் ஓவர்ச்சர், மொஸார்ட்டின் கிளாரினெட் கொன்சேர்ட்டோ, இடைவேளைக்குப் பிறகு ட்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பனி, "நியூ வேர்ல்ட்". ட்வோர்ஷாக் நியூயோர்க்கில் ஒரு சங்கீதக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோது எழுதி, 1893 டிசெம்பரில் கார்னகி ஹோலில் முதலில் வாசித்தது. இரண்டாம் பகுதியில் கோர் ஆங்லே என்ற குழலில் வரும் மெட்டு உனக்குத் தெரியும். இங்கே ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எவரிடம் பாடிக் காட்டினாலும் "ஹோவிஸ் பாண்" என்பார்கள். ஹோவிஸ் என்ற பாண் கம்பனிக்கு 1973இல் சினிமாக்காரர் ரிட்லி ஸ்கொட் இந்த மெட்டை வைத்து எடுத்த விளம்பரம், ஒரு பெடியன் செங்குத்துத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவான். அம்மன் கோயில் மணி கேட்டால் எங்களுக்குப் பொங்கல் நினைவு வருகிற மாதிரி, இவர்களுக்கு அந்த மெட்டுக்குப் பாண் வாசம் அடிக்கும்.

அந்த சிம்பனியில் எனக்குப் பிடித்தது வேறு. டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதுகிறவருக்கு இரண்டாம் பகுதியில் மட்டும்தான் வேலை, அதுவும் கொஞ்சச் சுரங்கள். மிச்ச நேரமெல்லாம் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். சிம்பல் என்ற பெரிய தாளத்துக்கு நாலு பகுதியிலும் சேர்த்து ஒரே ஒரு தட்டு, கடைசிப் பகுதியில், அதுவும் மெதுவாக. அந்த ஒரு தட்டுக்காக ஒருவர் வேலை முடிந்து பஸ் பிடித்துக் கிழமை தவறாமல் வருவார். நீ சொல்கிற "ஒழுங்காக" என்பதை இவரிடம் எப்படி அளப்பாய்? ட்வோர்ஷாக் தானே பிராக்கில் ஒரு நாடக அரங்கின் ஓர்கெஸ்ட்ராவில் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் வியோலா வாசித்தவர். நடுவில் இருந்து மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் என்பது இரண்டாம் வயலினுக்கு அவர் எழுதியதைப் பார்த்தாலே விளங்கும். எங்களுக்கும் கொஞ்சம் மெட்டு மிச்சம் வைத்திருக்கிறார்.

மார்ச்சில் எல்கரின் எனிக்மா வேரியேஷன்ஸ். எனக்கு இதில் கொஞ்சம் பயம். கைகாட்டி எங்களை நடத்துகிற கொண்டக்டருக்கு ஆசை பெரிது, ஹோர்ன் வரிசைக்கு அவ்வளவு மூச்சு இல்லை. ஆனால் இந்த ஆக்கம் எங்களைப் போன்றவர்களைப் பற்றியது என்பதால் சரி என்றேன். 1899இல் எல்கர் தன் சிநேகிதர்களை ஆளுக்கு ஒரு துண்டாக இசையில் வரைந்தார். ஆறாவது துண்டுக்குரிய பெண் அவரிடம் வியோலா படித்தவர், தொழில் கலைஞர் இல்லை. ஒரு கம்பியிலிருந்து அடுத்ததைத் தாண்டி மற்றதற்குப் போக அவருக்குக் கஷ்டமாம், அதற்காகக் கொடுக்கிற பயிற்சியையே எல்கர் தொடக்கத்தில் வைத்துவிட்டார். பன்னிரண்டாவது, செலோ வாசித்த ஒரு சிநேகிதருக்கு, அவரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை. எல்கரே வூஸ்டரில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்து, உள்ளூர்க் கூட்டங்களில் வாசித்து வளர்ந்தவர்தான்.

காசு விஷயத்தையும் சொல்லவேண்டும், நீ எப்படியும் கேட்பாய். நாங்கள்தான் சந்தா கட்டி வாசிக்கிறோம், யாரும் எங்களுக்குத் தருவதில்லை. கொண்டக்டருக்குச் சம்பளம், தேவாலயத்துக்கு வாடகை, டிம்பனி மேளத்துக்கு வாடகை, சொலோ வாசிக்க வருகிற சங்கீதக் கல்லூரி மாணவருக்கு ஒரு தொகை. டிக்கெட் காசு இதில் பாதிக்குக்கூடக் காணாது. எங்கள் பொருளாளர் எந்த ஆக்கத்தைச் சொன்னாலும் முதலில் கேட்பது "எப்போது செத்தவர்?" என்பதுதான். இங்கே இசையமைப்பாளர் இறந்து எழுபது வருஷம் முடியும்வரை காப்புரிமை. எல்கர் 1934இல் போய்விட்டார், ஆகவே எனிக்மா இப்போது இலவசம். ட்வோர்ஷாக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வோன் வில்லியம்ஸ் போனது 1958இல், அவருக்கு 2028 முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று பொருளாளர் டயரியில் குறித்து வைத்திருக்கிறார். போன வருஷம் மண்டப வாடகையைத் திடீரென்று ஏற்றிவிட்டார்கள், அதனால் ஜூன் கச்சேரிக்கு சினிமா இசை. கூட்டம் வரும் என்று நம்பிக்கை. எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை, ஆனால் பொருளாளர் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

இங்கே வரும்போது நீ வாட்டர்லூவில் பஸ் மாறுகிற இடத்தில் ஓல்ட் விக் நாடக அரங்கு இருக்கிறதல்லவா, அங்கே 1911இல் ஒரு காரியம் நடந்தது. பர்செல் எழுதிய "த ஃபெயரி குவீன்" என்ற இசை நாடகத்தின் கையெழுத்துப் படி அவர் இறந்த கொஞ்ச நாளில் தொலைந்து, இருநூறு வருஷம் கழித்துத்தான் மறுபடி கிடைத்தது. அதைத் திரும்ப மக்கள் கேட்க வாசித்துக் காட்டியது பெரிய ஓர்கெஸ்ட்ரா ஒன்றும் இல்லை. பகலில் வேலைக்குப் போய் இரவில் மோர்லி கல்லூரி வகுப்புக்கு வந்தவர்கள். இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் அவர்களுக்கு வாத்தியார். அச்சிட்ட பகுதிகள் இல்லாததால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பாடகருக்கும் உரிய தாள்களை அவர்களே கையால் எழுதினார்கள். எல்லோருக்கும் கிரேட் எட்டு இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சரி, எடின்பரோவுக்கு வருவோம். உன் ஊரில்தான் 1995இல் "ரியலி டெரிபிள் ஓர்கெஸ்ட்ரா" என்று பெயர் வைத்தே தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் எழுத்தாளர் அலெக்ஸாண்டர் மெக்கோல் ஸ்மித், அங்கே மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர், வாசிப்பது பசூன். மோசமாக வாசிப்போம் என்று சொல்லிக்கொண்டே லண்டன் கடோகன் ஹோலிலும் நியூயோர்க் டவுன் ஹோலிலும் ஏறிவிட்டார்கள். உனக்கு அது வேண்டாம், நீ அதைவிட நன்றாக வாசிப்பாய், பகிடியில் கலந்துகொள்ளவும் மாட்டாய். ஆனால் அந்த ஊரில் இது ஒன்றுதான் என்றில்லை, விசாரி. ஒழுங்கான சிம்பனி வாசிக்கிற, கிழமைக்கு ஒரு இரவு கூடுகிற இடமாகப் பார்.

ஷிப்ட் என்று சாட்டுச் சொல்லாதே. எங்கள் செலோ வரிசையில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், மூன்று கிழமையில் ஒரு ஒத்திகைக்காவது வராமல் விடுவார். யாரும் முகம் சுளித்ததில்லை, முன்கூட்டியே சொன்னால் போதும். டாக்டர்கள் மட்டும் சேர்ந்த ஓர்கெஸ்ட்ராவே இருக்கிறது, ஐரோப்பிய டாக்டர்கள் ஓர்கெஸ்ட்ரா என்று 2004இல் தொடங்கியது. உங்கள் ஆட்களுக்கு இந்தப் பைத்தியம் கூடத்தான்.

செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடு. "கிரேட் எட்டு, பல வருஷமாக வாசிக்கவில்லை, இரண்டாம் வயலினில் பின்னால் இருந்தால் போதும்" என்று எழுது. பல வருஷமாக வாசிக்கவில்லை என்பதை மறைக்காதே, அங்கே பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். முதல் ஒத்திகைக்கு பென்சில் கொண்டுபோ. வில் எந்தப் பக்கம் போகிறது என்பதை முன் வரிசையைப் பார்த்துச் செய், காதை நம்பாதே, பின்னால் இருந்தால் சத்தம் பிந்தித்தான் வரும். இடம் தவறினால் அவசரப்படாமல் தாளில் A, B என்று போட்டிருக்கிற அடுத்த எழுத்து அடையாளத்தில் சேர்ந்துகொள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு இப்போதே லீவு கேட்டுவை. கச்சேரி ஏழரைக்கு, வழக்கமான தேவாலயத்தில். தடித்த கோட்டு போட்டுக்கொண்டு வா, ஹீட்டர் சத்தம் போடுகிறது என்று வாசிக்கும்போது நிறுத்திவிடுவார்கள். சின்னம்மாவையும் மச்சாள்மாரையும் கூட்டிக்கொண்டு வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பகுதி முடியவும் கைதட்டுவார்கள், தட்டட்டும். ஞாயிறு திரும்பும்போது வயலினைக் கொண்டுபோகலாம். ரயிலில் மேல் தட்டில் வைக்காமல் காலுக்கு இடையில் வைத்துக்கொள். வில்லுக்குப் பூசுகிற ரோசினும், சத்தம் குறைக்கிற சோர்டின் ஒன்றும் பெட்டிக்குள்ளே போட்டிருக்கிறேன், ஷோல்டர் ரெஸ்ட் மட்டும் நீ வாங்க வேண்டும், பழையது உடைந்துவிட்டது.

லீவு கிடைக்காவிட்டால் ஒக்டோபருக்குள் சொல்லு. உன் டிக்கெட்டை சர்வேயருடைய பேத்திக்குக் கொடுத்துவிடுவேன், அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அன்புடன்,
அம்மா