மேல்வட்டையில் யானை

வெல்லாவெளி

அன்பின் மச்சான்,

சுகம்தானே? மகள் நரம்பியல் படிக்கப் போனதிலிருந்து உன் கடிதங்களும் படிப்புக் கடிதங்களாகிவிட்டன. எனக்குச் சந்தோசம்தான். பழ ஈயின் மூளையை முழுதாக வரைபடமாக்கியதாக நீ எழுதிய கதையை இரண்டு தரம் வாசித்தேன். எள்ளளவுகூட இல்லாத மூளைக்குள் 139,255 நரம்புக் கலங்களாம், ஐந்து கோடி இணைப்புகளாம். 2024 ஒக்டோபரில் வெளியிட்டிருக்கிறார்கள். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, இந்தப் படுவான்கரையில் இருக்கிறவனுக்கு ஈயைவிட யானைதான் அவசரம்.

வேளாண்மை பழுத்துக்கொண்டு வருகிற நேரம் இது. போன கிழமை மேல்வட்டை வயலில் ஒரு காவல் குடிசையை, அந்த வாடியை, யானை உடைத்துவிட்டது. உள்ளே கொஞ்சம் நெல் மூட்டை, ஒரு பை உப்பு. கதவையோ கூரையையோ தொடவில்லை. மூட்டை சாத்தியிருந்த இடத்துக்கு நேரே சுவரை மட்டும் தள்ளி, மூட்டையை இழுத்து எடுத்துப் போயிருக்கிறது. காவலுக்குப் படுத்த பொடியன், "உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உடைச்சிருக்கு அண்ணை" என்கிறான். ஜன்னலே இல்லாத வாடியில் எங்கே எட்டிப் பார்ப்பது? தும்பிக்கையால் மணந்து பிடித்திருக்கிறது.

2014இல் ஜப்பான் ஆய்வாளர்கள் பல பாலூட்டிகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மணத்தை உணர மனிதருக்கு 400 அளவில் மரபணுக்கள், நாய்க்கு 800 அளவில், ஆபிரிக்க யானைக்குக் கிட்டத்தட்ட 2,000. அப்புறம் 2019இல் தாய்லாந்தில் நம்முடைய ஆசிய யானைகளை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதை, ஒன்றில் கூட, மற்றதில் குறைய. மூடியில் துளைகள் உண்டு, உள்ளே இருப்பது தெரியாது. தும்பிக்கையால் மணந்து பார்த்துவிட்டு, கூட இருந்த வாளியையே பெரும்பாலும் தெரிவு செய்தன. என்ன இருக்கிறது என்பது மட்டுமில்லை மச்சான், எவ்வளவு இருக்கிறது என்பதும் அந்த மூக்குக்குப் பிடிபடுகிறது. வயல்வட்டை முழுக்க நெல் பழுத்து நின்றால் அதற்குச் சொல்லியா அனுப்ப வேணும்!

மூளைக் கணக்கும் வேடிக்கைதான். ஆபிரிக்க யானைக்கு 25,700 கோடி நரம்புக் கலங்கள், நமக்கு 8,600 கோடி. ஆனால் யானையுடையதில் நூற்றுக்கு 97க்கு மேல், உடல் அசைவை ஒழுங்குபடுத்துகிற சிறுமூளையில் இருக்கின்றன. அந்தத் தும்பிக்கையை ஆளத்தான் அவ்வளவும் தேவைப்படுகிறதோ என்று நினைக்கிறார்கள்.

நாமோ வெடி போடுகிறோம், லைட் அடிக்கிறோம், கம்பி கட்டுகிறோம். காதுக்கும் கண்ணுக்கும் தோலுக்கும் வைத்தியம், மூக்குக்கு ஒன்றும் இல்லை. வெடிக்குப் பழகிய தனியன் யானை இப்போது திரும்பியும் பார்ப்பதில்லை. மின்வேலி என்றால் மரத்தைச் சாய்த்துவிட்டு வரும்.

சத்தமே வேலைக்காகாது என்றும் சொல்ல முடியாது. உடவளவைக் காட்டில் கலைந்த தேனீக்களின் இரைச்சலைப் பதிவு செய்து போட்டபோது யானைகள் பின்வாங்கியதாக 2018இல் ஒரு ஆய்வு வந்தது. பெரிய சத்தம் வேண்டியதில்லை, யானைக்கு அர்த்தமுள்ள சத்தமாக இருந்தால் போதும் போலிருக்கிறது. எங்கள் ஆட்களிடம் சொன்னேன். தேனீப் பெட்டி வைத்தால் தேனாவது மிஞ்சும் என்கிறார்கள். மகளிடம் ஒன்று கேட்டுச் சொல்: அந்த இரைச்சலை ஒலிபெருக்கியில் இரவிரவாகப் போட்டால் யானை அதற்கும் பழகிவிடுமா, அல்லது உண்மையான தேனீ இடைக்கிடை கொட்டினால்தான் பயம் நிற்குமா?

நெல் வெட்டு முடிய வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது நல்ல டோர்ச் ஒன்று கொண்டு வா. யானைக்கு இல்லை, வரம்பில் கிடக்கிற பாம்புக்கு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி