இருமுறை வென்ற கோப்பையை 'ஒருமுறையும் வெல்லவில்லை' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், இந்திய மாநிலங்களுக்கு இடையிலான கால்பந்துக் கோப்பை பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1941இல் தொடங்கிய சந்தோஷ் டிராபியின் வரலாற்றையும், 2024 டிசம்பர் 31 அன்று ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் கேரளத்தை 1-0 என்று வீழ்த்தி வங்காளம் 33ஆவது முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியதையும் கட்டுரையாளர் சுவையாக எழுதியிருக்கிறார். 'சந்தோஷ்' என்பது மகிழ்ச்சியைக் குறிப்பதன்று, இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஒரு பழைய ஜமீனின் பெயர் என்று அவர் விளக்கியிருந்ததும் நன்று. எங்கள் ஆசிரியர் அறையிலேயே பாதிப்பேருக்கு அது புதிய செய்தி. ஆனால் அதே கட்டுரையின் கடைசிப் பத்தியில் "தமிழ்நாடு இதுவரை தேசியக் கால்பந்துக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை" என்று அடித்துச் சொல்லியிருப்பது தவறு. அதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

ஆண்களுக்கான சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாடு வென்றதில்லை என்பது உண்மைதான். 2012இல் ஒடிசாவில் நடந்த இறுதியாட்டம் வரை சென்று, 3-2 என்ற கணக்கில் முப்படையினரின் அணியான சர்வீசஸிடம் கோப்பையை இழந்தோம். அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அதே ஒடிசாவில், கட்டக் நகரில், 2018 பிப்ரவரியில் நடந்த தேசிய சீனியர் மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்று கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் நம் பெண்கள். ஐந்தாண்டு கழித்து, 2023 ஜூன் 28 அன்று அமிர்தசரசில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் முறையும் வாகை சூடினார்கள். ஆண்கள் ஆடுவது மட்டும் 'தேசியக் கோப்பை', பெண்கள் ஆடுவது வேறு ஏதோ ஒன்று என்று கட்டுரையாளர் கருதியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். நினைவுக்கு வராமல் போயிருக்கலாம். ஆனால் நினைவுக்கு வராமல் போனதுதான் என்னைக் கூடுதலாக வருத்துகிறது.

2018 வெற்றியின் கனத்தை அறிய, எதிரே நின்ற அணி எது என்று பார்க்க வேண்டும். இந்தக் கோப்பையை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம் மணிப்பூர். 2020இல் பத்மஸ்ரீ பெற்ற ஒய்னாம் பெம்பெம் தேவியைப் போன்றவர்கள் உருவான மண் அது. அங்கே ஊருக்கு ஊர் கால்பந்துக் கழகம் உண்டு, பெண் பிள்ளை பூட்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட அணியை இறுதியாட்டத்தில் மடக்கியவர்களில் பலர், மாலையில் மைதானத்துக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்ச வேண்டியிருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். உடற்கல்வி ஆசிரியையாக அந்தக் கெஞ்சலில் பலமுறை பங்கெடுத்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன். "பந்து உதைத்து என்ன ஆகப்போகிறது, டீச்சர்?" என்ற கேள்விக்கு என்னிடம் நெடுநாள் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. இந்திய அணியிலும் தமிழ்நாட்டு அணியிலும் நடுக்களத்தில் ஆடும் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கின்போது சென்னைச் சாலைகளில் பணியில் நின்றவர். அவர் பெயரைச் சொன்னால் தயங்கி நிற்கும் தந்தையர் சற்று யோசிக்கிறார்கள். விளையாட்டின் மேன்மை பற்றி நான் ஆற்றிய உரைகள் எதற்கும் அந்த வலிமை இருந்ததில்லை.

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்குத் தாங்கள் ஆண்டுதோறும் அரைப்பக்கம் ஒதுக்குவதை நான் குறை கூறவில்லை. நானும் அதை விரும்பிப் படிப்பவள்தான். ஆனால் அந்த நாட்டின் கதையே நமக்கு ஒரு பாடம். 1921இல் தம் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடைபோட்ட, எஃப்.ஏ. எனப்படும் அதே கால்பந்துச் சங்கம், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதை நீக்காமல் வைத்திருந்தது. அதே சங்கத்தின் பெயரைத் தாங்கிய மகளிர் கோப்பை இறுதியாட்டத்தை, 2023 மே மாதம் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் 77,390 பேர் நேரில் கண்டார்கள். அதற்கு ஆறு வாரம் கழித்துத்தான் அமிர்தசரசில் நம் பெண்கள் கோப்பையைத் தூக்கினார்கள். வெம்பிளிச் செய்தியைப் படத்துடன் தங்கள் இதழில் பார்த்த நினைவு இருக்கிறது. அமிர்தசரசுக்கு, வெற்றி பெற்ற அணியின் பதினொரு பெயர்கள்கூட இல்லாத நான்கு வரிகள். கூட்டம் வராத ஆட்டத்துக்கு இடம் எதற்கு என்று கேட்பீர்கள் என்றால், ஆட்டம் நடப்பதே தெரியாத ஊரில் கூட்டம் எங்கிருந்து வரும் என்றுதான் நான் திருப்பிக் கேட்க முடியும்.

இந்த மகளிர் கோப்பைக்குச் சில ஆண்டுகளாக மராட்டிய மன்னர் சிவாஜியின் தாயார் ராஜமாதா ஜீஜாபாயின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சந்தோஷ் டிராபி என்றதும் விளங்குவதுபோல ஜீஜாபாய் டிராபி என்றதும் எல்லோருக்கும் விளங்க இன்னும் காலம் ஆகும். அதற்குள் இப்படிப்பட்ட வரிகள் அச்சேறிக்கொண்டிருந்தால் அந்தக் காலம் இன்னும் தள்ளிப்போகும்.

உண்மையில் இந்தத் தவற்றை முதலில் கண்டவள் நான் அல்லேன். விளையாட்டுச் செய்திகளை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பை எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் பார்த்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலை அவர்களில் ஒருத்தி கட்டுரையைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, "அப்போ இந்துமதி அக்கா ஜெயிச்சது என்ன கப், டீச்சர்?" என்று கேட்டாள். நாளிதழ் தவறு செய்திருக்கிறது என்று சொன்னேன். அச்சில் வந்ததை எதிர்த்து டீச்சர் வாய்மொழியாகச் சொன்னதை அவள் முழுமையாக நம்பினாளா என்று தெரியவில்லை. கட்டுரையை ஒட்டாமல் எடுத்து வைத்திருக்கிறோம்.

ஆகவே, இதற்கான திருத்தத்தை உள்பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே ஞாயிறுப் பக்கத்தில், 2018, 2023 ஆகிய இரண்டு இறுதியாட்டங்களிலும் ஆடிய தமிழ்நாட்டு வீராங்கனைகளின் பெயர்களுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பலகையில் அதற்கான இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளி,
கடலூர் மாவட்டம்.