லிஸ்ட்ல உன் பேரு இல்ல

அடியே,

எப்படி இருக்க, முழங்கால் வலி கொறஞ்சுதா, அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருதா, அண்ணன் இன்னும் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்லிட்டுதான் இருக்காரா. இங்க எல்லாரும் சௌக்கியம். பதினோரு மாசமா ஒரு வரி எழுதல, போன்ல ரெண்டு தடவ பேசினோம், ரெண்டும் யாரோ ஆஸ்பத்திரில இருந்ததுக்காக. திட்டணும்னா திட்டு, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டு, போன வாரம் ஒண்ணு நடந்துச்சு, உன்கிட்ட சொல்லாம எனக்கு இருப்பு கொள்ளல.

சின்னவளுக்கு காலேஜ்ல ப்ராஜெக்ட். வீட்டுல ஒருத்தர உக்கார வச்சு கேள்வி கேக்கணுமாம், நான் மாட்டினேன். "அம்மா, போன ஆறு மாசத்துல அரசியல் நியூஸ் யார் யார்கிட்ட பேசின, பேரச் சொல்லு"ன்னா. மடமடன்னு சொன்னேன், எங்க வீட்டுக்காரர், அதான் உங்க மாமா, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு, மாடி வீட்டக்கா, என் தம்பி, அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, தினமும் கூட பஸ்ல வர்ற ஒரு அம்மா. அஞ்சு பேரயும் எழுதிட்டு நிமிந்து பாத்தா. "பெரியம்மா பேர சொல்லவே இல்லையே"ன்னா.

சுரீர்னுச்சு டி. நியூஸ்பேப்பர ரெண்டா கிழிச்சு முன்பக்கம் உனக்கா எனக்கான்னு சண்ட போட்டவங்க நாம. அந்த எலெக்ஷன் ரிசல்ட் ராத்திரி நீ சொன்னது, நான் திருப்பிச் சொன்னது, இங்க எழுத வேணாம், ரெண்டு பேருக்குமே ஒரு வார்த்த விடாம ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் நாம பேசினதெல்லாம் முழங்காலும் புள்ளைங்க படிப்பும்தான். உன்ன நான் ஒதுக்கல, அது சத்தியம், ஆனா எந்த நியூஸ் வந்தாலும் கையில போன எடுத்து உன் பேர தாண்டித் தாண்டி தள்ளிட்டுப் போயிருக்கேன்.

இந்த மாதிரி பேரு கேக்குற சர்வே அமெரிக்கால 1985லயே பண்ணிருக்காங்களாம், முக்கியமான விஷயம் யார்கிட்ட பேசுறீங்கன்னு. நெருக்கமானவங்க பேரத்தான் சொல்லுவாங்கன்னு நாமளும் நெனப்போம்ல, மரியோ ஸ்மால்னு ஒரு ஆராய்ச்சியாளர் பின்னாடி பாத்தப்ப, அப்படி சொல்ற பேர்ல கிட்டத்தட்ட பாதி பேர் அவங்களுக்கு அவ்ளோ முக்கியமானவங்களே இல்லையாம். அந்த நேரத்துல பக்கத்துல இருந்தாங்க, விஷயம் தெரிஞ்சவங்க, பேசிட்டாங்க, அவ்ளோதான். எனக்கு அந்த பஸ் அம்மா அப்படித்தான், அவங்க வீடு எங்கன்னுகூட தெரியாது, ஆனா அஞ்சு பேர்ல எனக்கு எதிர்க்கட்சின்னு அப்ப நான் நெனச்சது அவங்க ஒருத்தர மட்டும்தான். மத்தவங்கள நான் தேர்ந்தெடுத்தேன், அவங்கள பஸ் சீட்டு தேர்ந்தெடுத்துச்சு.

நாம எப்படி ஆள் பிடிக்கிறோம்னு அன்னைலேருந்து கவனிச்சுட்டே இருக்கேன். ஆபீஸ்ல புதுசா ஒருத்தர் வந்தா யாரும் நேரா கேக்குறதில்ல, "நேத்து நியூஸ் பாத்தீங்களா"ன்னு ஒரு கல்ல போட்டுட்டு மூஞ்சியப் பாக்குறோம். "ஆமாங்க, அநியாயம்"னு வந்தா சேர இழுத்து கிட்ட போட்டுக்கிறோம். "ம்ம்"னு இழுத்தா உடனே லீவு பத்திப் பேச ஆரம்பிச்சுடுறோம். நானும் பக்கத்து சீட்டும் சூடா பேசிட்டிருக்கும்போது மூணாவது ஆள் வந்தா குரல் தானா எறங்கிடுது, அந்த ஆள் என்ன நெனைக்கிறார்னு நாங்க இன்னைக்கு வரைக்கும் கேட்டதே இல்ல! இத்தனைக்கும் எதிர்க்கருத்து காதுல விழுறதுக்கு வேல பாக்குற எடம்தான் நல்ல எடம்னு டயானா மட்ஸ்னு ஒரு அரசியல் ஆராய்ச்சியாளர் எழுதிருக்காங்களாம், ஏன்னா கூட வேல பாக்குறவங்கள நாம பொறுக்கி எடுக்க முடியாது. முடியாதுங்கிறது சரி, ஆனா ஒரே ரூமுக்குள்ள நாங்க பொறுக்கிட்டுத்தானே இருக்கோம்.

இனிமேதான் விஷயமே. சின்னவ அடுத்து ஒவ்வொரு பேருக்கும் கேட்டா, இவங்க போன தடவ யாருக்கு ஓட்டு போட்டாங்க. உங்க மாமாவுக்கு நான் யோசிக்கவே இல்ல, எனக்கு எதுவோ அதுதான்னு சொல்லிட்டேன். 1984ல அமெரிக்கால சவுத் பெண்டுன்னு ஒரு ஊர்ல இதே மாதிரி பேர் வாங்கி, அந்தப் பேருக்குரியவங்ககிட்டயும் கேட்டாங்களாம், நெறைய பேர் தப்பா சொல்லிருந்தாங்களாம். அதனால இவளும் அப்பாகிட்ட போய் கேட்டா. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், போன ரெண்டு தடவயும் எதிர்ப்பக்கம்தான் போட்டேன்னாரு.

ரெண்டு தடவ டி! தினமும் ராத்திரி நான் பேசப் பேச தலையாட்டிட்டே இருந்த மனுஷன். ஏன் சொல்லலன்னு கேட்டேன், "அந்த ரிசல்ட் ராத்திரி நீ அவங்ககூட சண்ட போட்டத பக்கத்துல இருந்து பாத்தேனே"ன்னு உன்னச் சொன்னாரு. அதுக்கு மேல எனக்குக் கேக்கத் தோணல. நான் யார்கிட்ட பேசுறதுன்னு தேடிட்டிருந்த காலம் பூரா, என்கிட்ட பேச வேணாம்னு எத்தன பேர் முடிவு பண்ணிட்டு ஒதுங்கிப் போயிருக்காங்களோ, தெரியல. அந்த "ம்ம்" எல்லாம் இப்ப ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வருது.

நம்ம வாட்ஸ்அப் குரூப்ப எடுத்துக்கோ, காலைல பூ, ராத்திரி நிலா, ஓயாம பேசுற நம்ம 'ரேடியோ'கூட வாயத் தொறக்கிறதில்ல, அது ரேடியோவுக்கே அடுக்குமா சொல்லு. அமெரிக்க அரசு ஜனங்கள உளவு பாத்தத ஸ்னோடென்னு ஒருத்தர் வெளிய சொன்னாரே, அந்த விவகாரம் பத்தி பியூன்னு ஒரு ஆய்வு நிறுவனம் அமெரிக்கால கேட்ட சர்வே 2014ல வந்துச்சு, அதப் பத்தி நேர்ல பேசத் தயார்னு 86 சதவீதம் பேர், ஆனா பேஸ்புக், ட்விட்டர் வச்சிருக்கவங்கள்ல அதுல எழுதத் தயார்னவங்க 42 சதவீதம்தான். எங்க வீட்டுல நேர்லயும் அந்தக் கதிதான்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது.

கடைசிக் கேள்வி, எதிர்ப்பக்கம் சொல்றதுல நியாயமான காரணம் ஒண்ணு சொல்லுன்னா. மட்ஸ் அளந்து பாத்த விஷயங்கள்ல இதுவும் ஒண்ணாம், மாத்துக் கருத்துக்காரங்களோட பழகுறவங்களுக்கு அந்தப் பக்கத்து காரணம் கூடுதலா சொல்ல வருமாம். ஆனா அவங்கதான் கொடி புடிக்க, ஓட்டுக் கேக்கவெல்லாம் கம்மியா போறாங்களாம், அது எனக்கு வருத்தமாதான் இருக்கு, ரெண்டும் வேணும்னுதானே நாம நெனச்சிட்டு இருந்தோம். சரி, நானும் உக்காந்து யோசிச்சேன். டிவில கேட்டது எதுவும் நிக்கல, தம்பி கிண்டல் பண்ணினதுதான் வருது. தேடித் தேடி எனக்குக் கெடச்ச ஒரே காரணம், அன்னைக்கு ராத்திரி நீ தொண்ட கிழியக் கத்தின அதேதான். அதத்தான் சொன்னேன், நீ சொன்ன வார்த்தையிலயே. அவ எழுதிக்கிட்டா. இப்பவும் எனக்கு அதுல சம்மதம் இல்ல, ஆனா அது காரணம்தான், அன்னைக்கு நான் சொன்ன மாதிரி முட்டாள்தனம் இல்ல. அந்த வார்த்த சொன்னதுக்கு மன்னிச்சுடு.

நேத்து வந்த தீர்ப்பப் பாத்திருப்ப. இந்த அஞ்சு பேர்ல நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும், உங்க மாமா இப்பதான் மெல்ல வாயத் தொறக்கிறாரு, நீ என்ன சொல்லுவன்னு மட்டும் என்னால ஊகிக்கவே முடியல. ஞாயித்துக்கெழம காலைல கூப்பிடுறேன். நீதான் முதல்ல பேசணும், முடிக்கிற வரைக்கும் நடுவுல விழ மாட்டேன், விழுந்தா போன வச்சிடு. சின்னவ தாள்ல ஆறாவது வரிய காலியா விட்டு வச்சிருக்கா, புதன்கெழம குடுக்கணுமாம்.

அம்மாவக் கேட்டதா சொல்லு.

உன்,
முன்பக்கக்காரி