புரட்டாசி மழையில் அங்கோர்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறு சாக்கு சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் போயும் உன் கையெழுத்து மாறவில்லை, இன்னும் கோழி கிளறின மாதிரியேதான். "மழைக்காலத்தில் யாராவது கம்போடியா போவானா?" என்று திட்டியிருக்கிறாய். சரி, கேள்.

சில்வர் பீச்சில் காலையில் சேர்ந்து நடக்கிற நாங்கள் பதினான்கு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், பாதிப் பேருக்கு மூட்டு வலி. முதலில் விசாரித்த டிராவல்ஸ்காரர் மே மாதம்தான் போகணும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது பள்ளிக்கூட லீவுக் கணக்கு. பேரப்பிள்ளைகளை இழுத்துப் போகாத நமக்கு எதற்கு மே? அங்கே வெளிநாட்டுக் கூட்டம் அலைமோதுவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நாங்கள் புரட்டாசியில் போகிறோம் என்றதும், "ஐயோ, மழை சார்!" என்றார். 2011 தானே புயலில் கூரை பறந்ததைப் பார்த்த ஊர்க்காரனிடம் மழையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்!

வேறு ஆளைப் பிடித்தோம். பத்துப் பேருக்கு மேல் போனால் விமானத்தில் குரூப் புக்கிங் உண்டு. முன்பணம் கட்டிவிட்டு, பெயர்களைப் பிறகு கொடுக்கலாம். ஒருத்தர் வீட்டில் உடம்பு சரியில்லாமல் போய், கடைசியில் அவருக்குப் பதில் அவர் மச்சான் வந்தார். ஓட்டலிலும் ஆள் இல்லாத நேரம் என்பதால் வாடகையைக் குறைத்து, படியேற முடியாதவர்களுக்குக் கீழ்த்தளத்திலேயே அறை கொடுத்தார்கள். ஜனவரியில் போய் அப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் காசு மிச்சத்தைவிடப் பெரிய விஷயம், யாரும் நம்மை அவசரப்படுத்துவதில்லை என்பது. அங்கோர்வாட் கோயிலின் நடுக்கோபுரத்துக்குப் போகும் படி செங்குத்து. மேலே ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து அனுப்புகிறார்கள். சீசனில் வரிசையில் நின்றே முழங்கால் போய்விடும். நாங்கள் நாலு படிக்கு ஒருதரம் மூச்சு வாங்கி ஏறினோம், பின்னால் முணுமுணுக்க ஆளில்லை. (புத்தமத விரத நாட்களில் மேலே விடுவதில்லை. போனால் பார்த்துக்கொள்.) கிழக்குப் பிரகாரத்தில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். ஒரு மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம். வாசுகியைப் பிடித்து இழுக்கிற அசுரர்களைப் பார்த்ததும் எனக்கு நம் தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுக்கிறவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

நுழைவுச்சீட்டில் மட்டும் தள்ளுபடி கிடையாது. மூன்று நாள் சீட்டு 62 டாலர், எந்த மாதமானாலும். ஆனால் அந்த மூன்று நாளைப் பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் மதியம் வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. என் செருப்பு ஒன்று தண்ணீரோடு போனது, எங்களில் ஒருவருக்குக் காய்ச்சல். மறுநாள் பேசாமல் அறையில் சீட்டாடினோம், நுழைவுச்சீட்டு வீணாகவில்லை.

அப்புறம் தோன்லே சாப் ஏரி. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியே ஓடுகிற ஆறே திரும்பி ஏரிக்குள் பாய்கிறது. நம் கெடிலம் மேற்கே ஓடினால் எப்படி இருக்கும், யோசித்துப் பார்! ஏரி ஐந்தாறு மடங்கு விரிந்துவிடும். கோடையில் உயரக் கால்களில் அந்தரத்தில் நிற்கும் வீடுகளுக்கு, நாங்கள் போனபோது படகிலிருந்தே திண்ணையில் கால் வைக்கலாம் போல இருந்தது. அந்த ஏரிக்கு மழைதான் சீசன், மற்றவர்கள்தான் தப்பான நேரத்தில் வருகிறார்கள்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. நம் மகாளய பட்சத்தை ஒட்டியே அவர்களும் முன்னோர்களுக்குப் பதினைந்து நாள் சோறு படைக்கிறார்கள், ப்சும் பென் என்று பெயர். 'பென்' என்பது நம் பிண்டம்தான். விடியுமுன் இருட்டில் விகாரையைச் சுற்றிச் சோற்றுருண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். அப்பா நினைவு வந்து எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசி மூன்று நாள் கடைகள் பாதி மூடிக் கிடந்தன, சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடினோம். அதையும் சொல்லிவிடணும்.

அடுத்த ஆடியில் இலங்கை போகலாம் என்று பேச்சு. கொழும்புப் பக்கம் மழை பெய்கிற அந்த மாதங்களில் திருகோணமலை காய்ந்து கிடக்கும், கோணேஸ்வரத்தை நிதானமாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணம் போவதென்றால் நல்லூர்த் திருவிழா நாட்களைத் தள்ளிவிட்டுத்தான் அறை தேடணும். நீயும் தங்கச்சியும் வருகிறீர்கள் என்று நானே இரண்டு இடம் சொல்லி வைத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கணும். உன்னுடையது எப்போது முடிகிறது என்று எடுத்துப் பார்த்து எழுது. இந்தத் தடவை கொஞ்சம் புரிகிற மாதிரி எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்